பல்லிக்கு விஷம் இல்லை... விரட்ட வைக்கிற மருந்தில்தான் இருக்கு ஆபத்து!

சாப்பாட்டில் விழுந்தால் என்ன செய்வது? வீட்டுக்குள் வராமல் தடுப்பது எப்படி? முழு விவரம்

காஞ்சீபுரம்:

ராத்திரி சாப்பாட்டு நேரம். குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டால் உள்ளே ஏதோ மிதக்கிறது. கத்தரிக்காய் காம்பு என்று நினைத்து தூக்கிப் பார்த்தால்... பல்லி! அவ்வளவுதான். வீடே அலறுகிறது. முதலில் சாப்பிட்டு முடித்த பிள்ளையின் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்க ஓடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் தெருவே கூடிவிடுகிறது.

"உணவில் பல்லி, மாணவர்கள் வாந்தி-மயக்கம்" என்று செய்தி வராத வருஷமே கிடையாது. நாமும் அப்படி பல செய்தி எழுதியிருக்கிறோம். ஆனால் "பல்லியால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன ஆனது?" என்று மறுநாள் போய் கேட்டு எழுதியது குறைவு. அந்தக் கடனை இன்று தீர்த்துவிடலாம்.

விஷம் இருக்கா, இல்லையா?

முதலில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறோம். நம்ம வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்கு விஷப்பை கிடையாது. விஷப்பல்லும் கிடையாது. மனுஷனைக் கடித்து விஷம் ஏற்றுகிற பல்லி வகைகள் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலும், மெக்சிகோ பக்கமும்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் நம்ம வீட்டுப் பல்லிக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் பல்லி விழுந்த சாப்பாட்டை தாராளமாகச் சாப்பிடலாமா? கூடவே கூடாது. பல்லியின் குடலிலும், எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஓணான், ஆமை, கோழி போன்றவற்றிலும் இருக்கும் அதே கிருமிதான். இது வயிற்றுக்குள் போனால் காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி, பேதி வரும். பல்லியால் வரும் கெடுதல் இதுதான். இது கிருமி, விஷம் அல்ல.

இந்தக் கிருமி வேலையைக் காட்ட பொதுவாக 6 மணி நேரம் முதல் 6 நாள் வரை ஆகும். அப்படி இருக்க, சாப்பாட்டில் பல்லியைப் பார்த்த 5 நிமிஷத்தில் வரிசையாக பிள்ளைகள் வாந்தி எடுப்பது எப்படி? பெரும்பாலும் அருவருப்பும் பயமும்தான் காரணம். ஒருத்தன் எடுத்ததைப் பார்த்து அடுத்தவன் எடுப்பான். அதைப் பார்த்து மூன்றாவது பிள்ளை மயங்கி விழும். பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. பயம் வந்தால் வயிறு நிஜமாகவே புரட்டும்.

அதற்காக "சும்மா பயம்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. சாப்பாட்டில் வேறு ஏதாவது, பூச்சி மருந்து கூட, கலந்திருக்கலாம். அதனால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்...

* மிச்சம் இருக்கும் சாப்பாட்டை அப்படியே நிறுத்துங்க. பல்லியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கொதிக்க வைத்து சாப்பிடும் வேலை வேண்டாம். நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் அது எப்போது விழுந்தது, ஆறிய பிறகு விழுந்ததா என்று யாருக்குத் தெரியும்? ஒரு வேளை குழம்பு போனால் போகட்டும்.

* விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி கரைத்து ஊற்றுவது எல்லாம் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் ஏறினால் அதுதான் உயிருக்கு ஆபத்து.

* பிள்ளையைத் திட்டாமல், அலறாமல் உட்கார வையுங்க. நீங்க அலறினால் அதற்கு இன்னும் புரட்டும்.

* வாந்தி, பேதி ஆரம்பித்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பாக்கெட் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். இல்லை என்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணியில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டையும் தலை தட்டிப் போட்டு கலக்குங்க. உப்பு கூடிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

* மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், மூத்திரம் போகாமை, கண் குழி விழுந்து பிள்ளை துவண்டு கிடப்பது... இதில் எது இருந்தாலும் உடனே 108-க்கு போன் செய்யுங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் அந்த அளவுக்குக் கூட காத்திருக்க வேண்டாம்.

நிஜமான விஷம் எங்கே?

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். பல்லிக்குப் பயந்து நாம் வீட்டுக்குள் என்னென்ன வைக்கிறோம் தெரியுமா?

அந்துருண்டை: பீரோவிலும், சிங்க் மூலையிலும், சாமி படத்துக்குப் பின்னாலும் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். தவழ்கிற குழந்தைக்கு அது மிட்டாய். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறைபாடு இருக்கும். அப்படிப்பட்ட குழந்தை அந்துருண்டையைத் தின்றால் ரத்த சிவப்பணுக்கள் உடைந்து, மூத்திரம் கருப்பாகப் போய், உயிருக்கே ஆபத்து வரும். அந்தக் குறைபாடு நம்ம குழந்தைக்கு இருக்கா, இல்லையா என்று நமக்கே தெரிந்திருக்காது.

மூக்குப்பொடி உருண்டை: காபித்தூளையும் மூக்குப்பொடியையும் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக வைப்பார்கள். மூக்குப்பொடி என்பது புகையிலை. அதில் இருக்கும் நிகோடின் பல்லியை மட்டும் பார்த்துக் கொல்லாது. குழந்தை வாயில் போட்டாலும் விஷம்தான். அது மட்டுமா? மருந்து தின்ற பல்லி எங்கே போய் விழும் என்று நமக்குத் தெரியாது. திறந்து கிடக்கும் சட்டிக்குள்ளேயும் விழலாம்.

எலி மருந்து, பூச்சி மருந்து: "எலிக்கும் ஆச்சு, பல்லிக்கும் ஆச்சு" என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் நம்ம மாவட்டத்து குன்றத்தூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியால் 2 குழந்தைகள் உயிர் போனதாக போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் வீட்டில் மருந்து வைப்பது எப்படிப்பட்ட விளையாட்டு என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

ஒட்டுற அட்டை: எலி பிடிக்கும் பசை அட்டையை பல்லிக்கும் வைக்கிறார்கள். பல்லி உயிரோடு ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் துடிக்கும். அணில் குஞ்சும் மாட்டும். தவறி மாட்டிய உயிரை பிய்த்து எடுக்காதீங்க. சமையல் எண்ணெயை லேசாகத் தடவினால் பசை விட்டுவிடும்.

இந்த மருந்து எதையாவது குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால், எண்ணெய் எதையும் ஊற்றக் கூடாது. மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் சீக்கிரம் வைத்தியம் பார்க்க முடியும்.

முட்டை ஓடு, மயிலிறகு வைத்தால் ஓடுமா?

முட்டை ஓட்டை ஜன்னலில் வைத்தால் பல்லி பயந்து ஓடிவிடும், மயிலிறகைச் சொருகினால் வராது என்று சொல்பவர்கள் உண்டு. இதனால் கெடுதல் இல்லை. பலன் இருப்பதாக நிரூபணமும் இல்லை. முட்டை ஓட்டைக் கழுவாமல் வைத்தால் எறும்பும், பூச்சியும்தான் வரும். அந்தப் பூச்சியைப் பிடிக்க பல்லியும் வரும்!

மிளகுத்தூள் தண்ணி, பூண்டுத் தண்ணி தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். மிளகுத் தண்ணி காற்றில் பட்டு குழந்தைகள் கண்ணில் விழுந்தால் எரிச்சல் தாங்காது. அடித்த இடத்தை விட்டு பல்லி நாலு அடி தள்ளிப் போய் உட்காரும், அவ்வளவுதான்.

ஏன் வீட்டுக்குள் வருது?

பல்லிக்கு வேண்டியது 3 விஷயம்: தின்ன பூச்சி, ஒளிய சந்து, குடிக்க தண்ணி. மூன்றையும் நாமே கொடுத்துவிட்டு, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

சுவரை வழுவழுப்பாக பெயிண்ட் அடித்தால் ஏறாது என்று நினைக்காதீங்க. பல்லி காலில் பசை எதுவும் கிடையாது. விரலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மெல்லிய முடிகள் இருக்கின்றன. அந்த முடிகளும் சுவரும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்வதால்தான் கண்ணாடியில் கூட ஓடுகிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் 2000-ம் ஆண்டில் ஒரே ஒரு முடியின் இழுப்பு சக்தியை அளந்து பார்த்தார்கள். ஆக சுவரைத் தடுக்க முடியாது. சந்தைத்தான் அடைக்க வேண்டும்.

வராமல் தடுக்க வழிகள்

லைட்: வாசல் கதவுக்கு நேர் மேலே வெள்ளை லைட் விடிய விடிய எரிந்தால் பூச்சி மொய்க்கும். பின்னாடியே பல்லி வரும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்க. கட்டாயம் வேண்டும் என்றால் மஞ்சள் லைட் போடுங்க. அதற்குப் பூச்சி குறைவாக வரும். மழை விட்ட அன்றைக்கு ஈசல் கிளம்பும்போது ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைப்பது நல்லது.

சந்து: கதவுக்கு அடியில், ஜன்னல் கட்டை ஓரம், எக்சாஸ்ட் பேன் ஓட்டை, வயரும் பைப்பும் உள்ளே வரும் துளை... இந்த நாலு இடத்தைப் பாருங்க. பென்சில் நுழையும் சந்து இருந்தால் குட்டிப் பல்லி நுழைந்துவிடும். கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து அடைத்தால் போதும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் கொசு, பல்லி இரண்டுக்கும் ஒரே செலவு.

ஓட்டு வீடு, சிமெண்ட் ஷீட் வீடு: இங்கே எல்லாச் சந்தையும் அடைக்க முடியாது. அதனால் பாத்திரம் அடுக்கும் அலமாரிக்கு மேலே மட்டும் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டுங்க. அடுப்புக்கு மேலே கட்டிவிடாதீங்க, தீப்பிடிக்கும். குடம், தவலை, சட்டி எதுவாக இருந்தாலும் மூடி போட வேண்டியது அங்கே ரொம்ப ரொம்ப முக்கியம்.

ஒளியும் இடம்: சாமி படம், காலண்டர், கடிகாரம், டியூப் லைட் பட்டி, பீரோ பின்பக்கம், பரண் மேலே கிடக்கும் அட்டைப் பெட்டி. மாதம் ஒரு தடவை இதையெல்லாம் நகர்த்தித் தட்டுங்க. பட்டாணி அளவில் வெள்ளையாக, பெரும்பாலும் இரண்டு முட்டையாகக் கிடக்கும். பேப்பரில் எடுத்து வெளியே போட்டுவிட்டு கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. லைட் பட்டி, சுவிட்ச் பெட்டி, மீட்டர் பெட்டியைத் தொடும் முன் மெயினை அணைக்க மறக்காதீங்க. உள்ளே பல்லி மாட்டி ஷார்ட் ஆவதும் உண்டு. அதற்கு எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுப்படி: சிந்திய சோறு, கழுவாத தட்டு, திறந்த குப்பைக்கூடை இருந்தால் கரப்பான் வரும். கரப்பான் குஞ்சைத் தின்ன பல்லி வரும். ராத்திரி படுக்கும் முன் மேடையைத் துடைத்து, சிங்க்கை ஈரம் இல்லாமல் வைத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

எச்சம்: கருப்பாக, நுனியில் வெள்ளைப் பொட்டோடு இருந்தால் அது பல்லி எச்சம். துடைப்பத்தால் காய்ந்தபடி கூட்டித் தள்ளாமல், ஈரத்துணியில் சோப்புத் தண்ணி தொட்டுத் துடையுங்க. டம்ளர், தட்டை கவிழ்த்து வையுங்க. எடுத்த உடனே ஒரு தடவை கழுவிவிட்டு சாப்பாடு போடுங்க.

உள்ளே வந்துவிட்டால் எப்படிப் பிடிப்பது?

துடைப்பத்தால் அடித்தால் வால் மட்டும் அறுந்து விழுந்து துள்ளும். நாம் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நிற்போம். பல்லி தப்பி ஓடிவிடும். அதற்குத்தான் அது வாலை விடுகிறது. கொஞ்ச நாளில் வேறு வால் முளைத்துவிடும். அடி வாங்கிய பல்லி பதறி ஓடும்போதுதான் சட்டியிலும், படுத்திருப்பவர் மேலும் விழுகிறது.

சுலபமான வழி இருக்கு. வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை பல்லி மேலே மெதுவாகக் கவிழ்த்துங்க. கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டி அட்டையை சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் நுழையுங்க. அப்படியே கொண்டுபோய் வீட்டை விட்டுத் தள்ளி செடி கொடி உள்ள இடத்தில் விடுங்க. விடியற்காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது பல்லிக்கு வேகம் குறைவு. அப்போது பிடிப்பது சுலபம். பிடித்த பிறகு கையைக் கழுவ வேண்டும்.

வராண்டாவில், வாசலில் ஒன்றிரண்டு பல்லி இருந்தால் விட்டுவிடுவதில் தப்பில்லை. அது தின்பது கொசுவையும், அந்துப்பூச்சியையும், ஈசலையும்தான். அடுப்படியிலும், தொட்டில் பக்கத்திலும் மட்டும் இடம் கொடுக்காதீங்க.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் பல்லி கூட்டம் பெருகினால் அதைத் தின்ன பாம்பும் வரலாம். பல்லி தின்ன வீட்டுக்குள் வரும் விஷமில்லாத பாம்பு ஒன்று, உடம்பில் பட்டை போட்டு கட்டுவிரியன் மாதிரியே இருக்கும். நிஜ கட்டுவிரியனோ உயிர் குடிக்கும் பாம்பு. எது எது என்று பக்கத்தில் போய் ஆராய்ச்சி பண்ணாமல் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்க.

மேலே விழுந்தால் தோஷமா?

காலண்டரின் பின்பக்கம் பல்லி விழும் பலன் போட்டிருக்கும். தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று. நம்பிக்கை அவரவர் விஷயம். உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் ஆகாது. சோப்பு போட்டுக் கழுவினால் போதும். சுவரில் அது "டிக் டிக்" என்று சத்தம் போடுவது, பெரும்பாலும் ஆண் பல்லி "இது என் இடம்" என்று இன்னொரு பல்லிக்குச் சொல்லும் சேதி.

பல்லி விழுந்த தோஷம் போக காஞ்சீபுரம் வரதராஜ பெருமாள் கோவிலுக்கு ஊர் ஊராக ஜனங்கள் வருகிறார்கள். மேற்கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும், வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிடுகிறார்கள். அந்த பல்லிகளின் தல வரலாறு என்ன தெரியுமா? கவுதம முனிவரிடம் படித்த 2 சீடர்கள் பூஜைக்குத் தண்ணி கொண்டு வந்தார்கள். அதில் பல்லி விழுந்து கிடந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. முனிவர் பார்க்கும்போது பல்லி துள்ளி வெளியே குதித்தது. "பல்லியாகப் போங்கள்" என்று சபித்துவிட்டார். பிறகு காஞ்சி வந்து பெருமாளை வேண்டி சாபம் நீங்கினார்கள் என்பது ஐதீகம்.

நம்ம பாட்டிமார் சொல்லும் பழமொழியும் அதே கதைதான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, கடைசியில் கழனித் தொட்டியில் விழுந்ததாம்!

கவனித்துப் பாருங்க. கோவில் கதையிலும் சரி, பழமொழியிலும் சரி, பல்லி விழுந்தது மூடாத பாத்திரத்தில்தான். அந்துருண்டைக்கும், மருந்துக்கும் காசு கொடுக்கும் முன்னால் இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. தண்ணிக் குடம், பால் பாத்திரம், குழம்புச் சட்டி, மாவுப் பாத்திரம், மாடியில் இருக்கும் தண்ணித் தொட்டி... எல்லாவற்றுக்கும் மூடி இருக்கா என்று பாருங்க. இல்லாததற்கு ஒரு தட்டையாவது கவிழ்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்க!